தழும்பில்லாத கை

"அவசரமில்லை" என்ற சொல்லை அந்த வருடம் நான் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தோல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பது என் வேலை. தொற்று வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது எங்கள் ஷட்டரும் பாதிக்கு இறங்கியது. மீதிப் பாதிக்குப் பின்னால் நான் இருந்தேன். வாயில் முகக்கவசம், அதற்கு முன்னால் பிளாஸ்டிக் திரை, கையில் கையுறை. எதிரே காலி நாற்காலிகள். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தோம். உட்காரவே ஆளில்லை, எதில் உட்காரக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பாக இருந்தோம்.

முறை இதுதான். நோயாளி நேரில் வரக் கூடாது. படம் எடுத்து மருத்துவமனை ஃபோனுக்கு அனுப்ப வேண்டும். நான் அதைப் பச்சை, சிவப்பு என்று பிரித்து வைப்பேன். ரத்தம், சீழ், காய்ச்சல், முகவீக்கம், திடீரென்று வளரும் மச்சம் எல்லாம் சிவப்பு. அரிப்பு, செதில், தேமல், மரு, முடிகொட்டல் எல்லாம் பச்சை. சிவப்பை டாக்டர் உடனே பார்ப்பார். பச்சையைச் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, ஈ ஓட்டுகிற வேகத்தில் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். பார்த்துவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அதனால் நான் மனசுக்குள் அவருக்கு அப்புறம் டாக்டர் என்றே பெயர் வைத்திருந்தேன். அவர் சொல்வதில் கொஞ்சம் மரியாதை சேர்த்து நான் பதில் அனுப்புவேன்: "உங்கள் பிரச்சினை அவசரமானது அல்ல. நிலைமை சீரானதும் அழைக்கிறோம்."

திட்டு மட்டும் எனக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கொடுக்கவில்லை, ஆனால் ஜனங்கள் பூசாரியைப் பிடித்துத்தான் உலுக்கினார்கள். ஒரு பெரியவர் கேட்டார், "ஏம்மா, உனக்கு ராத்திரி பூரா அரிச்சிருக்கா? சொறிஞ்சு பாத்தாத்தான் தெரியும், அவசரமா இல்லையான்னு." நான் என்ன சார் செய்வது, விதிமுறை அப்படி என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். அந்தக் குணத்தை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் மருத்துவமனைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அது லேசர் அறைக்குப் போகிற வழி. தாடை முடியை எடுக்கவும் கன்னத்துக் கரும்புள்ளியைப் போக்கவும் வருகிறவர்கள் அந்த வழியாக வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஷட்டர் இறங்கியது முன்பக்கம் மட்டும். "இது மட்டும் அவசரமா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "மெஷின் சும்மா நின்னா கெட்டுப்போயிடும்மா" என்றார் டாக்டர். மனிதர்கள் சும்மா நின்றால் கெடமாட்டார்கள் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகக்கவசத்துக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஃபோனை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு நான் கூட இருப்பதாகத்தான் பேச்சு. ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றதும் அவளுடைய மாமியார் போனார். பெரியம்மாவான நான் என் மகளை ஃபோன் திரையில்தான் முதலில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, என்னைப் போலவே யார்மீதோ கோபமாக இருந்தாள்.

வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் தங்கை கூப்பிட்டாள். என் தங்கை எதற்கும் குரலை உயர்த்தாதவள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவளே மன்னிப்புக் கேட்பாள்.

"அக்கா, என் கையெல்லாம் சிவந்து போச்சு. செதில் செதிலா உரியுது. முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு."

"எரியுதா? சீழ் ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. பாப்பாவை எங்கிட்ட குடுக்க மாட்டேங்கறாங்கக்கா."

"யாரு?"

"அத்தைதான். ஒட்டிக்கும்னு பயப்படறாங்க. டாக்டர் வாயால ஒட்டாதுன்னு சொல்லட்டும், அப்புறம் தர்றேங்கறாங்க. பாப்பா புட்டிப்பால் குடிக்குது. எனக்கு நெஞ்சு கல்லு மாதிரி கட்டிக்கிது. பிழிஞ்சு பிழிஞ்சு வாஷ்பேசின்ல ஊத்தறேன்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஃபோனை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். அவள் கொடுக்கவில்லை. அந்த அம்மாவைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவருடைய அண்ணனை அந்தத் தொற்று கொண்டுபோயிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். தொடாதே, தொடாதே என்று டிவி காலையில் இருந்து இரவு வரை ஓதிக்கொண்டிருந்தது. அவர் கதவுக் கைப்பிடியைக்கூட முழங்கையால் திறந்துகொண்டிருந்தார். உரிகிற கையைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் இல்லை என்பதால் என் கோபம் குறையவும் இல்லை.

செதில், சிவப்பு, பிரசவத்துக்குப் பிறகு என்றதுமே அது சோரியாசிஸாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து காதால் கேட்டதுதான். தொட்டால் ஒட்டாத நோய். ஆனால் ஃபோன் எடுக்கிறவள் சொன்னால் யார் கேட்பார்கள்? "படம் எடுத்து அனுப்பு, இன்னிக்கே டாக்டரைச் சொல்ல வெக்கிறேன். சாயங்காலம் பாப்பா உன் மடியில இருக்கும்" என்றேன்.

தங்கையின் கணவர் மதியம் படம் அனுப்பினார். முதலில் நான்தான் திறந்தேன். இரண்டு கைகள், ஜன்னலோரம் வைத்து நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தார். கைகள் வழவழவென்று பளிங்கு போல இருந்தன. லேசான ரோஜா நிறம், அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பயத்தில் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள், இல்லையென்றால் இதற்குள் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் டாக்டரிடம் காட்டினேன். டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "தோல் நல்லாத்தானே இருக்கு? ஒண்ணுமில்ல. வறட்சி. எண்ணெய் தடவச் சொல்லுங்க" என்றார். அதை அப்படியே அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மேசைக்கு வந்து கையுறை போடுவதற்குள் தங்கை கூப்பிட்டுவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருக்கியேக்கா."

"நல்ல விஷயம்தானேடீ. காட்டினியா அவங்ககிட்ட?"

"காட்டினேன். அத்தை ஃபோனைப் பாக்கறாங்க, என் கையைப் பாக்கறாங்க. 'கை இப்படி இருக்கு, டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார். அப்ப டாக்டருக்கே பிடிபடாத நோய்னுதானே அர்த்தம்? இது ஏதோ புதுசு'ன்னு சொல்லிட்டு, பாப்பாவை மாடி ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் இப்ப படியேறக்கூடாதாம்."

"உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"படிக்கட்டுக்கும் ரூமுக்கும் நடுவுல நிக்கிறார்."

நான் படத்தை மறுபடி திறந்தேன். பெரிதாக்கினேன். வலது மணிக்கட்டைப் பார்த்தேன். என் தங்கை பள்ளிக்கூடம் போகிற வயதில் சட்டையை இஸ்திரி போடப்போய்ச் சுட்டுக்கொண்ட தழும்பு அங்கே உண்டு. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த முக்கோணம். வளையலுக்குள் மறைத்துக்கொண்டே வளர்ந்தாள். படத்தில் அந்தத் தழும்பு இல்லை. கை அவளுடையதுதான், மோதிரம் அவளுடையதுதான், தழும்பை மட்டும் யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள்.

அவள் கணவரைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, படத்தை எதுல எடுத்தீங்க?"

"என் புது ஃபோன்லதான்க்கா. ஏன், தெளிவா இல்லையா?"

"ரொம்பத் தெளிவா இருக்கு. முகத்தை அழகாக்கிக் காட்டற வேலை ஒண்ணு அதுல இருக்குமே, அதை நிறுத்திட்டு எடுத்தீங்களா?"

"அது வாங்கினதுல இருந்தே அப்படித்தான்க்கா இருக்கு. நான் எதையும் தொடல. படம் பளிச்சுன்னு விழுமேன்னு..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு ஃபோன் அதைச் செய்யும் என்று நினைத்ததில்லை. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு தாய் கீழ்த்தளத்தில் நிற்கிறாள், குழந்தை மாடியில் இருக்கிறது. யாரை அறைவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதைவிட மோசமான கோபம் கிடையாது.

அப்புறம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பச்சையில் வைத்த மற்ற படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றாக. பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியவருடைய முழங்கையில் ஒரு சுருக்கம் இல்லை. ராத்திரி பூரா அரிக்கிறது என்று சண்டை போட்டவரின் முதுகு பச்சைக் குழந்தையின் கன்னம் போல இருந்தது. ஒரு பெண் "முகமெல்லாம் புண்ணா இருக்கு, வெளியே தலைகாட்ட முடியல" என்று எழுதி, கீழே அனுப்பிய முகத்தில் மயிர்க்கால்கூட இல்லை. அவளுக்கும் நான்தான் பதில் அனுப்பியிருந்தேன்.

நேராக லேசர் அறைக்குப் போனேன். டாக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். தழும்பைச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அடடா, இப்படி வேற ஒண்ணு இருக்கா? சரி, இனிமே அனுப்பற செய்தில ஒரு வரி சேத்துடுங்க. அழகுபடுத்தாம எடுக்கணும்னு."

"இதுவரைக்கும் அனுப்பினவங்க சார்?"

"எல்லாம் பச்சைதானேம்மா. உயிர் போற விஷயம் ஒண்ணும் இல்லையே. அப்புறம் பாத்துக்கலாம்."

"என் தங்கச்சிக்குக் குழந்தையைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்க சார்."

"அது குடும்பப் பிரச்சினைம்மா. தோல் பிரச்சினை இல்ல."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். முகக்கவசம் போட்டிருந்ததால் அவர் பிழைத்தார். திரும்பி மேசைக்கு வந்தேன். அவர் சொன்ன வரியை, அவர் சொல்லாத ஆட்களுக்கெல்லாம் அனுப்பினேன். பச்சையில் இருந்த ஒருவரையும் விடவில்லை. "மன்னிக்கவும், உங்கள் படத்தில் உங்கள் தோல் இல்லை. அழகுபடுத்தும் வசதியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்து அனுப்புங்கள்." அனுப்பி முடித்துவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "வண்டியை எடுங்க. எல்லாரும் வாங்க. குழந்தையைக் கட்டாயம் கொண்டு வாங்க. டாக்டர் நேர்ல பார்க்கிறேன்னு சொல்லிட்டார்னு அத்தைகிட்ட சொல்லுங்க." டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ஒரு பொருட்டாகவும் படவில்லை.

அவர்கள் பின்வாசலுக்கு வந்தபோது லேசர் படுக்கையில் ஒரு அம்மா தாடையில் வெள்ளைக் களிம்புடன் உட்கார்ந்திருந்தார். டாக்டர் இன்னும் உள்ளே வரவில்லை.

"கொஞ்சம் வெளியில உக்காருங்க மேடம்."

"இது என் நேரம். களிம்பு காய்ஞ்சிடும்."

"உங்க பிரச்சினை அவசரமானது இல்ல மேடம். நிலைமை சீரானதும் கூப்பிடறோம்" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி ஒரு தடவையாவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

தங்கை உள்ளே வந்தாள். முழுக்கைச் சட்டை, கைகளைத் துண்டால் சுற்றியிருந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், தொலைவு விட்டு, மாமியார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். டாக்டர் கைகழுவிக்கொண்டு வந்தவர் கூட்டத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு? வேலை போயிடும்."

"போகட்டும் சார். முதல்ல கையைப் பாருங்க."

தங்கை துண்டை அவிழ்த்தாள். நானும் அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, முழங்கை வரை சிவந்து, அதன்மேல் வெள்ளைச் செதில் அடுக்கு அடுக்காக. மணிக்கட்டில் அந்தப் பழைய முக்கோணம் மட்டும்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தது. டாக்டரின் முகம் மாறியது. அதையும் சொல்லிவிட வேண்டும். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்ட விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோரியாசிஸ். பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படிக் கிளம்பும். மருந்து தர்றேன். இது ஒட்டவே ஒட்டாது. தாராளமா குழந்தையைத் தூக்கலாம், பால் குடுக்கலாம்."

இதற்காகத்தானே இத்தனை பாடு? நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் டாக்டரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டாதுங்கறீங்க. அப்ப எதுக்கு டாக்டர் ரெண்டு கையுறை?"

"அது இதுக்கு இல்லம்மா. தொற்றுக்கு. எல்லாருக்கும் போடறதுதான்."

"அப்ப கழட்டிட்டு ஒரு தடவை தொடுங்களேன். பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"அப்படியெல்லாம் விதிமுறைல இடமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அரையடி பின்னால் போனார். அவருக்கே தெரியாமல் போன அரையடி.

"பாத்தீங்கல்ல" என்றார் மாமியார், என்னைப் பார்த்து. அவர் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

நான் என் கையுறைகளைப் பிய்த்து எறிந்தேன். கவசத்தையும் இழுத்துக் கழற்றினேன். தங்கையின் இரண்டு கையையும் எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். சூடாக, உப்புத்தாள் போல இருந்தன. "இப்ப பாருங்கத்தை. ஒட்டினா எனக்கு முதல்ல ஒட்டட்டும்!"

"நீ அக்கா. நீ தொடத்தான் செய்வே" என்றார் அவர்.

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததாலேயே என் ஆத்திரம் முழுக்க டாக்டர்மீது திரும்பியது. "பின்வாசல்ல வர்றவங்க கன்னம் வழவழன்னு ஆயிடுச்சான்னு கையுறை இல்லாம தடவிப் பாக்கறீங்களே, அப்பல்லாம் விதிமுறை எங்க சார் போகுது? என் தங்கச்சி கைன்னா மட்டும் அது ஓடி வந்துடுமா? கழட்டுங்க!" வெளியே களிம்பு அம்மா எட்டிப் பார்த்தார். டாக்டருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கையுறையின் விரல் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு அது வரமாட்டேன் என்றது. எல்லோரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள் தங்கை.

அவர் இழுப்பதை நிறுத்தினார். அவள் மாமியாரிடம் போனாள். மாப்பிள்ளை நடுவில் இருந்து தானாக விலகினார்.

"குடுங்க அத்தை."

"அவர் ஒரு தடவை தொடட்டும்மா, அப்புறம்..."

"அவர் தொட்டா என்ன, தொடாட்டி என்ன? நான் பெத்தது. குடுங்க."

பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்கிற பெண்ணின் குரல் இல்லை அது. கத்தவும் இல்லை. மாமியாரின் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து, குழந்தையின் தலையைத் தாங்கி, எடுத்துக்கொண்டாள். சுற்றியிருந்த துணி மாமியாரின் பிடியிலேயே தங்கிவிட்டது. அவர் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழந்தை வீல் என்று கத்தத் தொடங்கியது. முதுகை வில்லாக வளைத்தது. தலையைத் திருப்பித் திருப்பி, மாமியாரின் குரல் எங்கே என்று தேடியது. தங்கை அதை மார்பில் அணைத்தாள். அது வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளை அதற்குத் தெரியவில்லை.

"பாரும்மா, உங்கிட்ட இருக்க மாட்டேங்குது. புட்டி கொண்டு வந்திருக்கேன். எங்கிட்ட குடு, சமாதானம் பண்ணித் தர்றேன்" என்று மாமியார் கையை நீட்டினார். இந்த முறை அவர் அன்பாகத்தான் சொன்னார். டாக்டர்கூட, "கொஞ்ச நேரம் பாட்டிகிட்ட இருக்கட்டுமேம்மா, அவசரமில்லையே" என்றார். அந்த அழுகையைத் தாங்க முடியாமல், எத்தனையோ பேரிடம் சண்டை போட்ட நானும், "எங்கிட்டயாவது குடுடீ" என்று கை நீட்டிவிட்டேன்.

தங்கை எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு லேசர் படுக்கையில் உட்கார்ந்தாள்.

"யாரும் தொடாதீங்க. அழட்டும். எங்கிட்டயே அழட்டும்."